துறைமுகத்தில் கேட்ட கதைகள்

அர்ஜுனனுக்கும் சுபத்திரைக்கும் கல்யாணம் நடக்கக் கூடாது என்று சம்பந்தியம்மாள் சொன்னபோது சுமார்னி முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் கத்தி போன வேகத்தைப் பார்த்து, கூட உட்கார்ந்திருந்த பெண்கள் தங்கள் விரல்களைச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

"நடக்கக் கூடாதுன்னா?" என்றாள் சுமார்னி. "அது நடந்து எத்தனையோ யுகம் ஆச்சு. அபிமன்யு பொறந்து, செத்து, அவன் பேரன் ஆண்டு முடிச்சு அவனும் போயாச்சு. இப்ப வந்து நிறுத்துன்னா எங்கேருந்து நிறுத்தறது?"

"நடந்தது நடந்துட்டுப் போகட்டும், சம்பந்தி. என் மகன் கல்யாணத்துல வேண்டாம்" என்றாள் தாயெங் ரன்னு.

தாயெங் ரன்னு கடல் தாண்டி வந்த மகாசார்க்காரி. ஹஜ்ஜுக்குப் போய்வந்தவள். ரன்னு என்றால் அவர்கள் பாஷையில் சந்தோஷம் என்று அர்த்தமாம். அந்தப் பெயரை வைத்தவர்கள் பிறகு அவள் முகத்தை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தார்களா என்பது சுமார்னியின் சந்தேகம். சிரித்தால் பல் உதிர்ந்துவிடும் என்று யாரோ சொல்லிப் பயமுறுத்தியது போலத்தான் எப்போதும் உட்கார்ந்திருப்பாள்.

மறுநாள் காலையில் நிக்காஹ். முடிந்த கையோடு வாசல் பந்தலில் தோல்பாவைக் கூத்து. ஜாவாவில் எங்கள் கிளாத்தென் பக்கத்தில் கல்யாண வீட்டுக் கூத்து என்றால் சுபத்திரை கல்யாணம்தான். யாரும் யோசிப்பதுகூட இல்லை, சோறு என்றால் அரிசியில் வடிப்பது மாதிரி. பலகை எழுதுகிற துகிஜோ, 'அர்ஜுனன் – சுபத்திரை கல்யாணம், நடத்துபவர் கொந்தோ' என்று சிவப்பில் எழுதி, ஓரத்தில் இரண்டு மயிலும் வரைந்து, முந்தின நாளே வாசலில் மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

"என்ன குறை கண்டீங்க எங்க சுபத்திரைகிட்ட?" என்றாள் சுமார்னி.

"பொண்ணக் கடத்திட்டுப் போற கதையாமே. எங்க ஊர்ல பொண்ணக் கடத்தினா அண்ணன் தம்பியெல்லாம் கத்திய உருவிடுவாங்க. எங்க ஆளுங்க அறுபது பேர் வந்திருக்காங்க. அதுல பாதிப் பேர் இடுப்புல கத்தியோடதான் கல்யாணத்துக்கே வருவாங்க."

"எந்தப் பய சொன்னது கடத்தல்னு? எங்க கதைல கடத்தலே கிடையாது. பொண்ணு வீட்டுல கேட்ட சீரு அத்தனையும் தேடிக் கொண்டுவந்து, ஊரே பார்க்கக் கட்டிக்கிட்டான் அர்ஜுனன்."

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு தொண்டை கனைக்கப்பட்டது. வீட்டோடு ஒட்டிய சுமார்னியின் சாப்பாட்டுக் கடைப் பெஞ்சின் ஓரத்தில், சோத்தோ என்கிற கோழிச் சாற்றுக் கிண்ணத்தோடு, தாயெங் நாபா உட்கார்ந்திருந்தார். தாயெங் ரன்னுவின் தம்பி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். முடி நரைத்திருந்தாலும் சட்டையைப் பெட்டி போட்டுத் தேய்த்து, மீசையை ஒழுங்காகக் கத்தரித்து வைத்திருந்தார். ஆயுசில் பாதியைக் கப்பலில் கழித்தவராம். கடலைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்று, சொந்தக்காரர்கள் எல்லோரும் சுரபாயா வரை கப்பலிலும் பிறகு பஸ்ஸிலும் வந்து இறங்க, இவர் மட்டும் விமானத்தில் வந்திருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க" என்றார். "பம்பாய்த் துறைமுகத்துல ஒருத்தர் சொல்லிக் கேட்டிருக்கேன். அங்க அர்ஜுனன் சாமியார் வேஷம் போட்டுக்கிட்டு வர்றான். கும்பிடப் போன பொண்ணத் தேர்ல ஏத்திக்கிட்டு ஓடிடறான். சில ஊர்ல தேர ஓட்டினதே அந்தப் பொண்ணுதான்னு சொல்றாங்க."

சுமார்னி கத்தியைக் கீழே வைத்தாள். கையில் இருந்தால் என்ன செய்வோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அது போகட்டும், துருக்கிப் பக்கம் ஒரு துறைமுகத்துல இன்னொண்ணு கேட்டேன். விருந்துக்கு வந்த ராஜகுமாரன் விருந்து வச்சவன் பொண்டாட்டியவே கப்பல்ல ஏத்திட்டுப் போயிட்டான். அதுக்காகப் பத்து வருஷம் சண்டை. ஊரையே கொளுத்திட்டாங்க. நம்ம இலங்கை எரிஞ்ச மாதிரியேதான்."

"பார்த்தீங்களா" என்றாள் தாயெங் ரன்னு. "எங்க போனாலும் பொண்ணக் கடத்தினா ஊர்தான் எரியுது."

சுமார்னிக்கு ஒரு வழக்கம் உண்டு. கதை விஷயத்தில் யாராவது தப்பாகப் பேசினால் அவளால் தாங்க முடியாது. செத்துப்போன அவள் புருஷன் பார்மின், கொந்தோவின் குழுவில் மத்தளக்காரன். கதை கேட்டே குடும்பம் நடத்தியவள் அவள். கடைச் சுவரில் பாண்டவர் படம் மாட்டியிருக்கும். அதைப் பார்த்துத் தப்பாக ஒரு வார்த்தை சொன்னவனுக்குக் கரண்டியில் பாதிதான் விழும். ஆறு மாசத்துக்கு முன்னால் நிச்சயதார்த்தத்துக்கு வந்த கும்பலில் எவனோ ஒருத்தன் அந்தப் படத்தைக் காட்டி, இந்த ஐந்து பேரில் ராமன் யார் என்று கேட்டுவிட்டான். "கதை தெரியாதவங்களோட எனக்கு என்ன பேச்சு" என்று, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஊதிக்கொண்டிருந்த அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். கேட்டவன் யாரென்று இன்று வரை அவளுக்குத் தெரியாது.

இந்த மனுஷனோ கதை தெரியாதவர் இல்லை. ஊர் உலகத்துக் கதை அத்தனையும் தெரிந்தவர். அதுதான் கொடுமையாக இருந்தது.

கல்யாணப் பெண், மகள் வெனிங் வந்து காதோடு கெஞ்சினாள், ஒரு கதைதானே அம்மா, மாற்றிவிடேன் என்று. சுமார்னி பல்லைக் கடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கொந்தோ வீட்டுக்குப் போனாள்.

கொந்தோ கிராம்புச் சிகரெட்டைப் புகைத்துக்கொண்டு பாவைகளுக்கு எண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரம் என்பதே தெரியாது. சுமார்னி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சரி, சீதை கல்யாணம் போடுவோம், ராமன் வில்லை ஒடிப்பதற்குள் அவர்களும் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள், கடத்தல் வரைக்கும் போகவேண்டாம் என்றார். சுமார்னி அரை மனதோடு திரும்பினாள். துகிஜோ வந்து அர்ஜுனனை அழித்து ராமனை எழுதினான். மயில் மட்டும் அப்படியே இருந்தது.

பலகை காய்வதற்குள் தாயெங் நாபா இரண்டாவது கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"வில்லா?" என்றார் கவலையோடு.

"வில்லுதான். ஏன், வில்லுக்கு என்ன?"

"தப்பா நினைக்காதீங்க, சம்பந்தியம்மா. எங்க கப்பல்ல ஒரு கிரேக்கச் சமையல்காரன் இருந்தான். அவங்க ஊர்லயும் இதே வில்லுதான். யாராலயும் நாண் பூட்ட முடியாத வில்லு. போருக்குப் போன ராஜா இருபது வருஷம் கழிச்சுப் பிச்சைக்காரன் வேஷத்துல வீட்டுக்கு வர்றான். பொண்டாட்டியக் கட்டிக்கணும்னு ஒரு கும்பல் அவன் வீட்டுலயே உட்கார்ந்து தின்னுக்கிட்டிருக்கு. இவன் வில்ல எடுத்து நாண் பூட்டறான்." கிண்ணத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டார். "அப்புறம் கதவெல்லாம் சாத்திட்டு, சாப்பிட்டுக்கிட்டிருந்த அத்தனை பேரையும் கொன்னுட்டான்."

தாயெங் ரன்னு மெதுவாகத் தலையைத் திருப்பிப் பந்தலைப் பார்த்தாள். அங்கே அவளுடைய அறுபது பேருக்கும் பந்தி போட மேஜைகள் அடுக்கியிருந்தார்கள்.

"சாப்பாட்டு நேரத்துலயா கூத்து?" என்றாள்.

"சாப்பாட்டு நேரத்துலதான். ஏன், நாங்க என்ன கதவச் சாத்தப் போறோமா? பந்தலுக்கு ஏது கதவு?" சுமார்னியின் குரல் ஏறியது. "எங்க ராமன் வில்ல ஒடிக்கிறான், அவ்வளவுதான். ஒருத்தனையும் அம்பால அடிக்கல."

"வில்லு ஒண்ணுதானே" என்றாள் தாயெங் ரன்னு.

சமையல் செய்ய வந்திருந்த பெண்கள் இப்போது வெளிப்படையாகவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கொந்தளித்துப் போயிருந்தாள் சுமார்னி. கோபம் வராதா? எனக்கே வருகிறது. கடல் கடந்து வந்து, அவள் அடுப்பில் வெந்த கோழியைத் தின்றுகொண்டு, அவளுடைய ராமனின் வில்லை எவனோ ஒரு கிரேக்கன் கையில் கொடுத்து, அவள் பந்தியில் கொலை செய்தால் யாருக்குத்தான் வராது.

சரி, இனிக் கல்யாணக் கதையே வேண்டாம் என்று முடிவு செய்தாள். கல்யாணம் என்று எடுத்தாலே பெண் வருகிறாள், பெண் வந்தால் சண்டை வருகிறது. பிறப்புக் கதை போட்டால் என்ன? கடோத்கசன் பிறப்பு. எங்கள் பக்கம் கடோத்கசன் என்றால் குழந்தைகளுக்கு உயிர். இரும்புத் தசையும் எஃகு நரம்புமாக வானத்தில் பறப்பவன். புதுப் பெண்ணுக்கு அப்படி ஒரு பிள்ளை பிறக்கட்டும் என்று வாழ்த்துவதற்கு அதைவிட நல்ல கதை ஏது? கொந்தோவும் ஒத்துக்கொண்டார். துகிஜோ மூன்றாவது தடவை வந்தான். வண்ணம் தடித்துப் போய்ப் பலகை மரவட்டை மாதிரி மேடு பள்ளமாக இருந்தது. ஒரு மயிலைக் கழுத்து வரை காணோம்.

இந்தத் தடவை சுமார்னி முந்திக்கொண்டாள். நேராகத் தாயெங் நாபா முன்னால் போய் நின்றாள்.

"கடோத்கசன். பிறப்புக் கதை. நல்ல கதை. என்ன சொல்றீங்க?"

அவர் கொஞ்சம் தடுமாறினார். அவள் அவ்வளவு கிட்டத்தில் வந்து நேருக்கு நேர் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. காது சிவந்துவிட்டது.

"நல்ல கதைதான்" என்றார். "அந்தப் பிள்ளையோட தொப்புள்கொடிய எந்தக் கத்தியாலயும் வெட்ட முடியல, கடைசில கர்ணனோட ஆயுத உறைய வச்சு வெட்டினாங்க, உறை அவன் வயித்துக்குள்ள போயிடுச்சு. அதானே?"

"அதேதான்." தன்னையறியாமல் சுமார்னிக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. ஒரு மகாசார்க்காரருக்கு இது தெரிந்திருக்கிறதே.

"அந்த உறையத் தேடிக்கிட்டு ஒருநாள் ஆயுதமும் வந்து பாயும். அதுலதான் அவன் சாவான்."

குளிர்ந்தது பட்டென்று கொதித்தது.

"தப்பா நினைக்காதீங்க. எல்லா ஊர்லயும் இப்படித்தான் வச்சிருக்காங்க. ஈரான் துறைமுகத்துல சொன்னாங்க, அவங்க ராஜகுமாரனுக்கு உடம்பெல்லாம் இரும்பு, கண்ணு மட்டும் இல்ல. கண்ணுலயே அம்பு விட்டுட்டாங்க. கிரேக்கத்துல ஒருத்தனுக்குக் குதிகால். ஜெர்மனிக்காரன் ஒருத்தனுக்கு முதுகுல இலை ஒட்டின இடம். துரியோதனனுக்குத் தொடை இல்லையா, அந்த மாதிரி. இரும்பு உடம்போட பொறந்தவன் எவனும் தாய்க்கு முன்னாடி போகாம இருந்ததில்ல."

தாயெங் ரன்னு மார்பில் கை வைத்துக்கொண்டாள். "பேரப்பிள்ளை இன்னும் உருவாகவே இல்ல. அதுக்குள்ள கொன்னுட்டீங்களே, சம்பந்தி."

"நானா கொன்னேன்? உங்க தம்பி கொல்றார்."

"கதையப் போடறது நீங்க."

மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப் பேர் வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். பொறுமை போய்விட்டது சுமார்னிக்கு. கடைசியாக ஒன்று நினைத்தாள். பெண்ணே இல்லாத கதை, கல்யாணமோ பிறப்போ இல்லாத கதை, ஞானக் கதை. வீமன் கடலுக்குள் இறங்கி, தன்னைப் போலவே இருக்கும் சின்னஞ்சிறு சாமியைப் பார்த்து, அதன் காது வழியாக உள்ளே போய் உலகத்தையே காண்கிற கதை. ஹஜ்ஜுக்குப் போய்வந்தவளுக்கு இதுகூடப் பிடிக்காமல் போகுமா? துகிஜோ வந்தான். இந்தத் தடவை அவன் சுமார்னியைப் பார்க்கவே பயந்து பலகையைப் பார்த்தபடியே எழுதினான்.

தாயெங் நாபா எட்டிப் பார்த்துவிட்டுக் கிண்ணத்துக்கே திரும்பினார். ஆனால் தாயெங் ரன்னு விடுகிறவளா?

"கடலுக்குள்ள போறதா?" என்றாள் தம்பியைப் பார்த்து.

"போனா என்னக்கா. யூனுஸ் நபிகூட மீன் வயித்துக்குள்ள போய்த்தானே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கப்பல்ல வந்தவங்க ஒருத்தரத் தூக்கிக் கடல்ல போட்டாங்களே, அந்தக் கதை" என்று தாயெங் ரன்னுவே முடித்தாள். "ஞாயித்துக்கிழமை நாங்க அறுபது பேரும் கப்பல் ஏறணும், சம்பந்தி."

சுமார்னி கரண்டியை வீசி எறிந்தாள். அது தண்ணீர்த் தொட்டியில் பட்டுக் கணீரென்று விழுந்தது. பெண்கள் விலகி நின்றார்கள்.

"போதும்" என்றாள். "இந்தக் கூத்து உங்களுக்காக வைக்கல. என் மக ரெண்டு வயசுல ஜுரத்துல கிடந்தா. ஆஸ்பத்திரிக்காரன் கைய விரிச்சிட்டான். அன்னிக்கு இவ அப்பா சொன்னாரு, இவ பிழைச்சா இவ கல்யாணத்துல கூத்து வைக்கிறேன்னு. பிழைச்சுட்டா. அவரு போயிட்டாரு. வாக்கு என் தலைல இருக்கு. கூத்து இல்லாம என் மகளுக்குக் கல்யாணம் கிடையாது."

"அபசகுனக் கதை போட்டு என் மகனுக்கும் கல்யாணம் கிடையாது" என்றாள் தாயெங் ரன்னு.

"அப்ப கிடையாது."

"கிடையாது."

சொன்ன பிறகு இரண்டு பேருக்குமே என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஆனால் வாயிலிருந்து வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிற ஜாதி இல்லை இரண்டு பேரும். மாப்பிள்ளை ருஸ்தி சுவரோரமாக நின்று வெனிங்கைப் பார்த்தான். வெனிங் யாரையும் பார்க்கவில்லை. அவள் முகம் அப்படியே அம்மாவின் முகம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

தாயெங் நாபாவுக்குத்தான் உயிர் போய்விட்டது. இவ்வளவு தூரம் போகும் என்று அவர் நினைக்கவே இல்லை. ஏதாவது செய்து சரிக்கட்டவேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். பந்தலில் கூத்துக்குத் திரை கட்ட ஆட்கள் ஏணி போட்டிருந்தார்கள். நான் கட்டுகிறேன், கயிறு எனக்குக் கை வந்த வேலை என்று ஏறினார். கட்டினார். இறங்கி இரண்டடி நடப்பதற்குள் முடிச்சு அவிழ்ந்து, அந்தப் பெரிய வெள்ளைத் திரை மூங்கிலோடு சரிந்து, நாளைய பந்திக்குக் கொதித்துக்கொண்டிருந்த அண்டாச் சோத்தோவுக்குள் போய் விழுந்தது. மஞ்சள் சாறு திரையில் ஏறி, வெள்ளைத் திரை விடிந்தும் விடியாத வானம் மாதிரி ஆகிவிட்டது.

சுமார்னி அண்டாவைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"கப்பல்காரராம்" என்றாள். "இவரு கட்டின கயித்துல எந்தக் கப்பல் நின்னிருக்கும்? அதான் போற துறைமுகத்துல எல்லாம் ஊர் ஊரா எரிஞ்சிருக்கு."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சாறு சொட்டும் திரையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, திட்டு வாங்குகிற பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார்.

"மாமாவ விடும்மா" என்றாள் வெனிங். "அவரு தனிக்கட்டை, நல்லது பண்ணணும்னுதான் பண்றாரு."

"நல்லது பண்ணினது போதும்."

இந்த நேரம் பார்த்துக் கொந்தோ வந்து சேர்ந்தார், என்ன கதை என்று கடைசியாகக் கேட்டுவிட்டுப் போக. பாவைப் பெட்டி வண்டியில் இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டு சம்பந்திகளும் இரண்டு பக்கமாக அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி சுபத்திரையில் ஆரம்பித்தாள், ஒருத்தி வில்லில் ஆரம்பித்தாள். நடுவில் ஈரான் வந்தது, தொப்புள்கொடி வந்தது, மீன் வந்தது. கொந்தோ பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிராம்புச் சிகரெட் பற்றவைத்து, அது முடிந்து இன்னொன்று பற்றவைத்து, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். நடுநடுவே, "என்ன சொன்னீங்க, திருப்பிச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். கேட்கக் கேட்க அவர்களும் ஆவேசமாகத் திருப்பிச் சொன்னார்கள்.

கடைசியில் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"கதை கிடைச்சிடுச்சு" என்றார். "ஆனா பேரு சொல்ல மாட்டேன். பலகைலயும் எழுத வேண்டாம். பேரு தெரியாத கதைய எந்தத் துறைமுகத்துலயும் கேட்டிருக்க முடியாதுல்ல?"

அவர் பார்த்தது தாயெங் நாபாவை. தாயெங் நாபா தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டு பெண்களும் மறுபடி ஆரம்பிக்கப் போனபோது வெனிங் நடுவில் வந்து நின்றாள். "நாளைக்குக் காலைல நான் இவரக் கட்டிக்கத்தான் போறேன்" என்றாள். "உங்க ரெண்டு பேருக்கும் வர இஷ்டம் இருந்தா நல்ல துணி உடுத்திட்டு வாங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ருஸ்தி யாரிடமும் கேட்காமல் அண்டாவைக் கவிழ்க்க ஆள் தேடப் போனான்.

மறுநாள் நிக்காஹ் நடந்தது. இரண்டு தாய்மார்களும் நல்ல துணி உடுத்திக்கொண்டுதான் வந்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. பந்தலில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி போட்டுவிட்டதால் சுமார்னி வலப்பக்கமும் தாயெங் ரன்னு இடப்பக்கமும் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். துவைத்தும் மஞ்சள் போகாத திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. மத்தளம் பேசியது. அந்த முதல் அடியிலேயே சுமார்னி எட்டிப் பார்த்தாள். பார்மின் உட்காரும் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தான்.

கொந்தோ எடுத்தது எந்த ஊர் இதிகாசத்திலும் இல்லாத கதை. எங்கள் கூத்தில் பாண்டவர்களுக்கு ஊழியம் செய்யும் கோமாளிகள் உண்டே, அவர்களில் நீட்டு மூக்கு பெத்ருக் என்பவனுக்குக் கல்யாணம். கல்யாணத்தில் என்ன கூத்துப் போடுவது என்று இரண்டு சம்பந்திகளுக்குள் சண்டை. அந்தச் சம்பந்திகளுக்கு அவர் பெட்டியிலிருந்து எடுத்த பாவைகள் இரண்டும் அரக்கிகள். ஒன்றுக்குக் கோரைப்பல், ஒன்றுக்குப் பானை வயிறு.

"பந்தலுக்கு ஏது கதவு?" என்றது கோரைப்பல் அரக்கி.

சுமார்னி நிமிர்ந்தாள். அது அவள் குரல். அவள் சொன்ன அதே சொல், அதே இழுப்பு. பந்தலில் சிரிப்பு வெடித்தது. அவள் உடம்பெல்லாம் எரிந்தது. கொந்தோவை என்ன செய்வதென்று பல் கடிபட யோசித்துக்கொண்டிருந்தபோது, பானை வயிறு அரக்கி மார்பில் கை வைத்து, "பேரப்பிள்ளை இன்னும் உருவாகவே இல்லையே" என்றது. இப்போது தாயெங் ரன்னு நிமிர்ந்தாள்.

பிறகு மூன்றாவதாக ஒரு பாவை வந்தது. கடல் தாண்டிய ராஜாக்களிடம் வேலை பார்த்த அகல வாய்க் கோமாளி. கையில் கிண்ணம் வேறு வரைந்து ஒட்டியிருந்தார் கொந்தோ. அது வந்து, இரண்டு அரக்கிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, உறிஞ்சி ஒரு வாய் குடித்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்க" என்றது.

ஊர் புரண்டு சிரித்தது. மகாசார்க்காரர்கள் அறுபது பேரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். சுமார்னியின் பக்கத்திலிருந்து கதவுக் கீல் கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. என்னவோ ஏதோவென்று திரும்பினாள். தாயெங் ரன்னு சிரித்துக்கொண்டிருந்தாள். பல் ஒன்றும் உதிரவில்லை. தங்கப் பல் ஒன்றுகூட இருந்தது. அதைப் பார்த்துச் சுமார்னிக்கும் அடக்க முடியவில்லை. எவ்வளவு கோபமோ அவ்வளவும் சிரிப்பாக வந்தது. கண்ணைத் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அதில் பாதி பார்மினுக்காக அழுதது. அவர் வாக்கு நிறைவேறிவிட்டது.

கதை முடிகிற வரை ஒரே ஒருவர்தான் சிரிக்கவில்லை. மூன்றாம் வரிசையில் தாயெங் நாபா இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, காது சிவக்க, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அண்டாவைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாகக் கொதிக்கவைத்ததில், பந்தி கூத்துக்கு அப்புறம்தான் என்றாகியிருந்தது; அதற்கு எல்லோரும் எழுந்த பிறகும் அவர் எழவில்லை.

அது சுமார்னிக்குப் பொறுக்கவில்லை. நேற்றெல்லாம் வாய் ஓயாத மனுஷன், இன்றைக்குச் சாப்பிடவும் வராமல் ஊமையாக உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? மிச்சமிருந்த கோபம் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தது.

"ஏன் சம்பந்தி, உங்க தம்பிக்கு என்ன?" என்று தாயெங் ரன்னுவிடம் சத்தமாகவே கேட்டாள். "இந்தக் கதைய மட்டும் எந்தத் துறைமுகத்துலயும் கேக்கலயாமா?"

தாயெங் ரன்னு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் எந்தத் துறைமுகத்தக் கண்டான், சம்பந்தி? தோணியில கால் வச்சாலே வாந்தி எடுக்கறவன், மகாசார்ல கடிகாரம் ரிப்பேர் பண்றான். நிச்சயதார்த்தத்துல இந்த அஞ்சு பேர்ல ராமன் யாருன்னு உங்ககிட்ட கேட்டுட்டு வந்த நாள்லேருந்து, கடையச் சாத்திட்டு ஊர் உலகத்துக் கதையெல்லாம் படிச்சிட்டிருக்கான், நீங்க அவன்கூட ரெண்டு வார்த்தை பேசணும்னு."